பொருநைக் கரையின் அடுத்த முப்பது ஆண்டுகள்: எந்தத் தண்ணீருக்கு முதல் செலவு?

2016ஆம் ஆண்டின் வடகிழக்குப் பருவமழை பொய்த்து, 2017 ஜனவரியில் தமிழ்நாட்டின் எல்லா மாவட்டங்களும் வறட்சியால் பாதிக்கப்பட்டவை என்று அறிவிக்கப்பட்டபோது, பொதிகை மலை அணைகளின் அடியில் மிஞ்சியிருந்த தண்ணீரைக் குடிநீருக்கென்று இறுக்கிப் பிடிக்க வேண்டியிருந்தது. ஏழு ஆண்டுகள் கழித்து, 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில், காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 செ.மீ. மழை கொட்டியது. குளக்கரைகள் உடைந்தன. திருவைகுண்டம் ரயில் நிலையத்தில் ஒரு ரயிலின் பயணிகள் நாற்புறமும் வெள்ளம் சூழச் சிக்கிக்கொண்டார்கள். இவ்விரண்டும் பொருநை என்று பெயர்பெற்ற ஒரே தாமிரபரணி ஆற்றின் கரையில் நடந்தவை. இந்த இரண்டு ஆண்டுகளையும் அருகருகே வைத்துப் பார்க்காமல் நெல்லைச் சீமையின் தண்ணீருக்கு யார் திட்டம் தீட்டினாலும் அது பாதித் திட்டமாகவே இருக்கும்.

பொதிகையில் பிறந்து புன்னைக்காயலில் கடலோடு கலக்கும் தாமிரபரணியின் நீளம் ஏறத்தாழ 125 கிலோமீட்டர்தான். இரண்டு பருவமழைகளும் அதற்கு நீர் தருகின்றன என்பதே இந்தச் சீமை பெற்ற பேறு. 1986இல் தூத்துக்குடியும் 2019இல் தென்காசியும் தனி மாவட்டங்களாகப் பிரிந்த பிறகும், மூன்று மாவட்டங்களுக்கும் விருதுநகர் மாவட்டத்தின் சில ஊர்களுக்கும் குடிநீர் பெரும்பாலும் இந்த ஒரே ஆற்றிலிருந்துதான் போகிறது. பாபநாசம் அணை ஏறத்தாழ 5,500 மில்லியன் கன அடியும், மணிமுத்தாறு அணை 5,511 மில்லியன் கன அடியும் கொள்ளும். சேர்வலாற்றையும் சேர்த்தால் மூன்றும் 12 டி.எம்.சி.யை, அதாவது 12,000 மில்லியன் கன அடியை, சற்றே தாண்டும். கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர், திருவைகுண்டம் என்னும் எட்டு அணைக்கட்டுகளிலிருந்து பிரியும் கால்வாய்கள் 86,107 ஏக்கருக்குப் பாய்கின்றன. அதில் 40,000 ஏக்கர் நெல்லையிலும் மிச்சம் தூத்துக்குடியிலும் இருக்கிறது. ஒரு போக நெல்லுக்கு நான்கடித் தண்ணீர் என்று வைத்துக்கொண்டால், இந்தப் பரப்புக்கு மட்டும் 15 டி.எம்.சி. வேண்டும். அணைகள் மூன்றும் நிரம்பி வழிந்தாலும் பிசானம் என்னும் ஒரு மழைக்காலப் போகத்துக்குப் போதாது. வானமும் குளங்களும் சேர்ந்துதான் கணக்கை நேர்செய்கின்றன. கார், பிசானம் என்ற இருபோக முறையை வகுத்த முன்னோருக்கு இது தெரிந்திருந்தது.

இப்போது நம் முன்னே கிடக்கும் வழிகள் பல. அவற்றை ஒப்பிட நான் கைக்கொள்ளும் அளவுகோல், மழையில்லாத ஆண்டில் கடைமடை வயலுக்கும் கடைசித் தெருவின் குழாய்க்கும் எந்த வழி உண்மையிலேயே தண்ணீர் கொண்டுவரும் என்பதுதான். எத்தனை கோடி, எத்தனை கிலோமீட்டர் என்பவை அதற்குப் பிறகு வரும் கேள்விகள்.

இரண்டு யோசனைகளை அதிகம் பேசாமலே ஒதுக்கிவிடலாம். மலையில் புதிய பெரிய அணை என்பது முதலாவது. 1988 முதல் புலிகள் காப்பகமாக இருக்கும் களக்காடு–முண்டந்துறைக் காடுதான் ஆற்றுக்கு ஆண்டு முழுதும் ஊற்றுநீர் தருகிறது. அந்தக் காட்டை மூழ்கடித்து அணை கட்டுவது விதைநெல்லைக் குத்திச் சமைப்பதற்கு ஒப்பாகும். இரண்டாவது, கேரளத்தின் பம்பை, அச்சன்கோவில் ஆறுகளை வைப்பாற்றோடு இணைக்கும் திட்டம். தென்காசிக்கும் விருதுநகருக்கும் அது பெரும் நன்மை என்பதை மறுக்கவில்லை. ஆனால் கேரளம் தொடர்ந்து மறுத்துவரும் ஒன்றைக் கணக்கில் எழுதி, அதை நம்பி உள்ளூர்க் குளத்தைத் தூர விடுவது நல்ல திட்டமிடல் ஆகாது.

தாமிரபரணி–கருமேனியாறு–நம்பியாறு இணைப்பை நிதானமாகப் பார்க்க வேண்டும். கன்னடியன் அணைக்கட்டிலிருந்து எம்.எல். தேரி வரை ஏறத்தாழ 75 கிலோமீட்டர் ஓடும் இந்த வெள்ளநீர்க் கால்வாய் 2009இல் 369 கோடி ரூபாய் மதிப்பீட்டில் தொடங்கப்பட்டு, 1,060 கோடி ரூபாய் ஆகி, 2025 பிப்ரவரியில் திறந்துவைக்கப்பட்டது. ஆண்டுதோறும் கடலுக்குப் போகும் உபரி என்று கணக்கிடப்பட்ட 13,758 மில்லியன் கன அடியில் 2,765 மில்லியன் கன அடியை நாங்குநேரி, ராதாபுரம், திசையன்விளை, சாத்தான்குளம் பகுதிகளுக்குத் திருப்புவது அதன் நோக்கம். தேரி மணலை அறிந்தவர்கள் இந்தத் திட்டத்தை எளிதில் குறை சொல்ல மாட்டார்கள். பெய்வதையெல்லாம் குடித்துவிடும் அந்தச் செம்மணல், நிலத்தடி நீரைச் சேர்த்துவைக்கும் நல்ல தொட்டி. கடல்நீர் உள்ளே ஏறி உப்பாகிவிட்ட கிணறுகளுக்கு அது உயிர் கொடுக்கும்.

ஆனால் இந்த எண்களைப் பிரித்துப் பார்க்க வேண்டும். கால்வாயின் கொள்ளளவு விநாடிக்கு 3,200 கன அடி. அது முழு அளவில் ஓடினால் ஒரு நாளைக்கு 276 மில்லியன் கன அடி போகும். அப்படியானால் 2,765 என்ற எண்ணின் பொருள், ஆண்டில் பத்து நாட்கள் கால்வாய் விளிம்பு வரை ஓட வேண்டும் என்பதுதான். 2023 போன்ற ஆண்டில் பத்து நாளும் ஓடும். 2016 போன்ற ஆண்டில் ஒரு நாள்கூட ஓடாது. ஆகவே இது வறட்சிக்கான மருந்து ஆகாது. வெள்ள ஆண்டின் மிகுதியைத் தேரிக்குள் புதைத்து வைத்து, அடுத்த இரண்டு மூன்று ஆண்டுகளுக்குக் கிணறுகளில் எடுத்துக்கொள்ளும் ஏற்பாடாகக் கொண்டால்தான் அதற்குப் பொருளுண்டு. மணிமுத்தாறு பிரதானக் கால்வாயின் ரீச்சு எனப்படும் நான்கு பகுதிகளுக்கும் முறைவைத்துத் தண்ணீர் விடும் நிலையை இந்தச் சீமை நன்கறியும். கால்வாய் வெட்டுவது வேறு, அதன் வால்வரை தண்ணீர் போவது வேறு. புதிய கால்வாயில் உபரி எது, எந்த மட்டத்துக்கு மேல் ஆறு ஓடினால் மதகைத் திறக்கலாம் என்பது எழுத்தில், யாரும் பார்க்கக்கூடிய இடத்தில் இருக்க வேண்டும். இல்லையென்றால் மருதூர், திருவைகுண்டம் பாசனக்காரர்களுக்கும் ராதாபுரத்துக்காரர்களுக்கும் ஒவ்வொரு பிசானத்திலும் வழக்காகத்தான் முடியும்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ‘வீணாகக் கடலில் கலக்கும் தண்ணீர்’ என்று எழுதாத திட்ட அறிக்கை இல்லை. ஆறு கடலைத் தொடும் இடத்தில் நல்ல தண்ணீரின் அழுத்தம் குறைந்தால் உப்பு மேலே ஏறும். ஆத்தூர் வெற்றிலைக் கொடிக்காலும் ஏரல் பக்கத்து வாழையும் அதற்கு முதற்பலி. புன்னைக்காயல் மீனவருக்கு ஆற்று வண்டல் வரும் கழிமுகமே வயல். கடலுக்குப் போகும் தண்ணீரில் ஒரு பங்கு கடலுக்கே உரியது என்று ஒப்புக்கொண்ட பிறகுதான் உபரியைக் கணக்கிட வேண்டும்.

கடல்நீரைக் குடிநீராக்கும் வழியைப் பலர் இறுதித் தீர்வாகப் பேசுகிறார்கள். சென்னையில் மீஞ்சூரிலும் நெம்மேலியிலும் இத்தகைய ஆலைகள் கட்டப்பட்டிருக்கின்றன. வானம் பார்க்காமல் தண்ணீர் தருவது அவற்றின் பெருமை. தூத்துக்குடி முள்ளக்காட்டில் நாளொன்றுக்கு 6 கோடி லிட்டர் உற்பத்தி செய்யும் ஆலைக்கான திட்டம் பல ஆண்டுகளாகப் பேச்சில் இருக்கிறது. அது ஆண்டு முழுதும் நிற்காமல் ஓடினால் கிடைப்பது 0.77 டி.எம்.சி. இந்த முறையில் ஆயிரம் லிட்டருக்கு மூன்று முதல் நான்கு யூனிட் மின்சாரம் செலவாகும் என்பதால், நாள்தோறும் ஏறத்தாழ இரண்டு லட்சம் யூனிட் வேண்டும். உள்ளே எடுக்கும் கடல்நீரில் பாதிக்கும் குறைவே நன்னீராகிறது. மிச்சம் இரட்டிப்பு உப்போடு கடலுக்குத் திரும்பும். அந்தக் கடல், பவளப்பாறைகளும் 21 தீவுகளும் உள்ள மன்னார் வளைகுடா. உள்நாட்டு நெல்லைக்கு இந்தத் தண்ணீரை மேட்டில் ஏற்றிக் கொண்டுவருவதில் பொருளில்லை. கடலோரத் தொழிற்சாலைகள் தமக்கு வேண்டியதைத் தாமே செய்து, அதன் விலையைத் தாமே கொடுத்து, அந்த அளவுக்கு ஆற்று நீரை விட்டுக்கொடுக்குமானால், அந்த எல்லைக்குள் இதை ஏற்கலாம். கூடங்குளம் அணுமின் நிலையம் தனக்கு வேண்டிய நன்னீரைக் கடலிலிருந்தே எடுத்துக்கொள்கிறது என்பதை இதற்கு முன்மாதிரியாகக் காட்டலாம்.

கடலுக்குப் போகுமுன், நம் வீட்டுக் கொல்லையிலிருந்து வெளியேறும் தண்ணீரைப் பார்த்திருக்க வேண்டும். நான் இந்த ஒப்பீட்டை எழுதத் தொடங்கியதே இதற்காகத்தான். 2011 கணக்கெடுப்பின்படி நெல்லை மாநகராட்சியின் மக்கள்தொகை 4.73 லட்சம். நகரங்களுக்கென்று வகுக்கப்பட்ட 135 லிட்டர் வீதம் ஆளுக்குத் தண்ணீர் கொடுத்தால், நாளொன்றுக்கு 6.4 கோடி லிட்டர் ஆகிறது. அதில் ஐந்தில் நான்கு பங்கு கழிவுநீராகத் திரும்பும் என்பது பொறியாளர்களின் பொதுக் கணக்கு. அப்படியானால் 5 கோடி லிட்டருக்கு மேல். முள்ளக்காட்டில் பெரும் செலவில் செய்ய நினைக்கும் 6 கோடி லிட்டருக்குப் பெரும்பாலும் ஈடான தண்ணீர், நெல்லையின் சாக்கடைகளில் ஒவ்வொரு நாளும் ஓடிக்கொண்டிருக்கிறது. வறட்சியிலும் அது நிற்பதில்லை. மக்கள் குளிக்கும்வரை, சமைக்கும்வரை வரும். உப்போ கடல்நீரின் உப்பில் சிறு பங்குதான். ஆகவே சுத்திகரிப்புக்கு மின்சாரமும் குறைவு. சென்னையில் கொடுங்கையூரிலும் கோயம்பேட்டிலும் தலா 4.5 கோடி லிட்டர் கழிவுநீரை மூன்றாம் நிலை வரை சுத்திகரித்துத் தொழிற்சாலைகளுக்கு விற்கிறார்கள். புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியது எதுவுமில்லை.

இன்று அந்தத் தண்ணீரில் பெரும் பங்கு எங்கே போகிறது? சிறுவயதில் குறுக்குத்துறை மண்டபத்துப் படியில் உட்கார்ந்து, காலடியில் கூழாங்கல் தெரியும் தண்ணீரில் குளித்தவன் நான். இன்று அதே கரையில் நின்று பார்த்தால், நகரத்தின் ஓடைகள் ஆற்றில் வந்து விழும் இடங்களைக் கைவிரல் விட்டு எண்ண வேண்டியிருக்கிறது. சீவலப்பேரி, வல்லநாடு என்று தூத்துக்குடிக்கும் விருதுநகர்ப் பக்கத்துக்கும் குடிநீர் எடுக்கும் உறைகிணறுகள் நகருக்குக் கீழேதான் இருக்கின்றன. மேலூர்க்காரன் கழுவியதைக் கீழூர்க்காரன் குடிக்கும் இந்த ஏற்பாட்டைத் தண்ணீர்ப் பாதுகாப்பு என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. சுத்திகரிப்பை ஒரு செலவாக மட்டும் பார்ப்பவர்கள், அது ஆற்றையும் காக்கிறது, குடிநீரையும் காக்கிறது, தொழிலுக்கும் நீர் தருகிறது என்ற மூன்று கணக்கையும் ஒரே ஏட்டில் எழுதிப் பார்க்க வேண்டும்.

இதிலும் ஒரு நியாயமான மறுப்பு உண்டு. நகரத்துக் கழிவுநீரும் ஆற்றில் சேர்ந்து மருதூர்க் கால்வாய்களில் பாசனத்துக்குப் போய்க்கொண்டிருக்கிறது. அதை எடுத்துத் தொழிற்சாலைக்குக் கொடுத்தால் கடைமடை விவசாயிக்கு அந்த அளவுக்குக் குறையுமே என்று கேட்பார்கள். கேள்வி சரியானது. விடை, மாற்றை ஒப்பந்தமாகச் செய்வதில் இருக்கிறது: சுத்திகரித்த நீர் எத்தனை லிட்டர் போகிறதோ, அத்தனை லிட்டர் நன்னீரைத் தொழிற்சாலைகள் திருவைகுண்டத்திலும் பிற இடங்களிலும் எடுக்காமல் விட வேண்டும். இருபது எம்.ஜி.டி. (நாளொன்றுக்கு இருபது மில்லியன் கேலன்) திட்டம் என்று இந்தப் பக்கத்தில் எல்லாரும் அறிந்த, தூத்துக்குடித் தொழிற்சாலைகளுக்கான அந்தக் குழாய்க்கு வகுக்கப்பட்ட நாளொன்றுக்கு 9 கோடி லிட்டரில் பாதிக்கு மேல் இப்படி மாற்றிவிட முடியும். மாற்றாமல், புதுத் தண்ணீரும் பழைய தண்ணீரும் இரண்டும் தொழிற்சாலைக்கே என்றானால், நான் இந்த வழியையும் எதிர்ப்பேன்.

அடுத்தது குளங்களும் கால்வாய்களும். இவற்றின் மேல் எனக்குள்ள பற்று, கணக்கை மறைத்துவிடக் கூடாது என்பதால், குறையை முதலில் சொல்கிறேன். குளம் வறட்சிக்கு எதிரான முழுக் காப்பு அல்ல. நம் குளங்கள் பரந்தவை, ஆழம் குறைந்தவை. இந்த வெயிலில் பங்குனி, சித்திரைக்குள் பெரும்பகுதி ஆவியாகவும் மண்ணுக்குள்ளும் போய்விடும். தொடர்ந்து இரண்டு மழைக்காலம் பொய்த்தால் எவ்வளவு தூர்வாரிய குளமும் வெடித்துக் கிடக்கும். தூர்வாருவதிலும் ஒரு நுட்பம் உண்டு: நூறு ஏக்கர்க் குளத்தில் ஓரடி மண்ணெடுத்தால் 43.56 லட்சம் கன அடி கூடுகிறது என்பது உண்மை, ஆனால் மடையின் அடிமட்டத்துக்குக் கீழே தோண்டிய பள்ளத்துத் தண்ணீர் வயலுக்குப் பாயாது. கிணறுகளுக்கு ஊறுமே தவிர.

இத்தனையும் தெரிந்தே குளங்களைக் கைவிடக் கூடாது என்கிறேன். ஒரு குளம் மறுகால் பாய்ந்தால் அடுத்த குளம், அது நிரம்பினால் அதற்கடுத்தது என்று கோத்திருக்கும் இந்தச் சங்கிலி, வெள்ளத்தை ஒரே இடத்தில் சேரவிடாமல் நூறு இடத்தில் தங்கவைத்து மெல்ல இறக்கும் அமைப்பு. 2023இல் அது உடைந்த இடங்களைப் பார்த்தவர்களுக்கு அதன் அருமை இன்னும் நன்றாகத் தெரியும். உள்வாயில் பயிர்வைத்து நீர்பரப்பைச் சுருக்கியதும், மறுகால் ஓடையில் கட்டடம் எழுப்பியதும், கால்வாய் முழுக்க அமலைச்செடி (ஆகாயத்தாமரை) மண்டியதும், கலுங்கை ஆண்டுக்கொருமுறை பார்க்க ஆளில்லாமல் போனதும் சேர்ந்துதான் கரையை உடைத்தன. மழை மட்டும் காரணமல்ல. கூந்தன்குளத்துக்கு வரும் பறவைகளும் மணிமுத்தாற்றுத் தண்ணீர் குளத்தை எட்டும் ஆண்டில்தான் நிம்மதியாகக் கூடு கட்டுகின்றன.

பணம் வராமல் இல்லை. 2016–17இல் குடிமராமத்துத் திட்டம் மீண்டும் தொடங்கப்பட்டது; 2000ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி நீரினைப் பயன்படுத்துவோர் சங்கங்கள் இருக்கின்றன. குறை வேறிடத்தில். பழைய ஏற்பாட்டில் மடையைத் திறந்து அடைக்க நீர்ப்பாய்ச்சி ஒருவர் இருந்தார். ஊர் அவருக்கு நெல் அளந்தது. எந்த வயலுக்கு எத்தனை நாழிகை என்பது அவர் நாவில் இருந்தது. இன்று ஒருமுறை இயந்திரம் இறக்கி மண்ணெடுத்து, படம் பிடித்து, கணக்கை முடித்துவிடுகிறோம். எங்கள் ஊர்க் குளத்தில் தூர்வாரிய அடுத்த ஆண்டே மடைப்பலகை உளுத்து, நிரம்பிய தண்ணீர் ஒரு மாதத்தில் வடிந்தது. பலகைக்கான தொகை, வாரியதற்கு ஆன செலவில் நூற்றில் ஒன்றுகூட வராது. ஆகவே குளங்களுக்கு ஒருமுறைப் பெருஞ்செலவைவிட ஆண்டுதோறும் வரும் சிறுதொகையும், ஊருக்கொரு நீர்ப்பாய்ச்சிக்குச் சம்பளமும்தான் தேவை.

நிலத்தடியைப் பற்றியும் ஒரு வார்த்தை. திசையன்விளை அருகே ஆயன்குளத்துக் கிணறு ஒன்று 2021 மழைக்காலத்தில் வாரக்கணக்கில் வெள்ளத்தை உள்வாங்கியும் நிரம்பாமல் நின்றதை ஊரே கூடி வேடிக்கை பார்த்தது. சென்னை ஐ.ஐ.டி. ஆய்வாளர்கள் வந்து பார்த்து, கீழேயுள்ள சுண்ணாம்புப் பாறையின் குகைப் பாதைகளே காரணம் என்றார்கள். வெள்ளநீர்க் கால்வாயின் உபரியை இத்தகைய பாதைகளில் இறக்கினால், ஆவியாகாத, பரப்பு வேண்டாத, செலவில்லாத சேமிப்பு கிடைக்கும். ஆனால் மண் வடிகட்டாமல் நேரே பாறைக்குள் போகும் தண்ணீர், தன்னோடு வரும் அழுக்கையும் அப்படியே அடுத்த ஊர்க் கிணற்றுக்குக் கொண்டுபோகும். வடிகட்டும் தொட்டி கட்டாமல் ஒரு கிணற்றிலும் வெள்ளத்தை இறக்கக் கூடாது.

நெல் வயலின் கணக்கைச் சொல்லாமல் இந்த ஒப்பீடு முழுமையாகாது. 86,107 ஏக்கரில் ஓரங்குலத் தண்ணீர் என்பது 0.31 டி.எம்.சி. அதாவது இரண்டரை அங்குலம் மிச்சப்படுத்தினால் முள்ளக்காட்டு ஆலையின் ஓராண்டு உற்பத்திக்குச் சமம். காயவிட்டுப் பாய்ச்சும் முறையில் இவ்வளவு மிச்சம் செய்வது கடினமல்ல. ஆனால் வயலில் இறங்கும் நீரில் ஒரு பகுதி கீழ்வயலுக்கும் கிணற்றுக்கும் போய்ச் சேர்வதால், மிச்சம் முழுவதும் புதுத் தண்ணீர் என்று எண்ணிவிடக் கூடாது. அதைவிட முக்கியம், காயவிட்டால் மறுபடி தண்ணீர் வரும் என்ற நம்பிக்கை விவசாயிக்கு வேண்டும். முறை தப்பும் கால்வாயில் எவரும் வயலைக் காயவிட மாட்டார்கள்; கிடைத்த அன்றே நிறைத்து வைப்பார்கள். அது பேராசையால் வருவதில்லை. அவர்கள் பட்ட அனுபவம் அது.

எனவே என் வரிசை இது. முதல் ரூபாய் நெல்லையின் கழிவுநீருக்கு. ஏனென்றால் வறட்சியிலும் வற்றாத ஒரே உள்ளூர் நீர் அதுதான், ஆற்றின் நோயும் அதில்தான் இருக்கிறது. அதோடு சேர்த்து, நிறுத்தாமல், கால்வாய், குளப் பராமரிப்புக்கு ஆண்டுத்தொகை. மூன்றாவது, கட்டி முடித்த வெள்ளநீர்க் கால்வாயைத் தேரியின் நிலத்தடிச் சேமிப்போடு கோத்துவிடும் சிறு வேலைகள். கடல்நீர் ஆலை கடலோரத் தொழிலின் சொந்தச் செலவில் மட்டும். 2050இல் மக்கள் இன்னும் பெருகி, மழை இன்னும் தாறுமாறானால் இந்த வரிசையை மாற்றிப் பார்க்க வேண்டிவரலாம்; ஆனால் கழிவுநீரை ஆற்றில் விட்டுக்கொண்டே கடலிடம் போவது எந்த ஆண்டிலும் சரியாகாது.

வரும் பிசான நடவுக்கு முன்பே தொடங்கக்கூடியது ஒன்று இருக்கிறது. எட்டு அணைக்கட்டுகளிலும், ஒவ்வொரு கால்வாயின் கடைசிக் குளத்து மடையிலும், அடிக்கணக்குத் தெரியும் அளவுகல் நட்டு, தினமும் காலையில் அதன் எண்ணை ஊர்ச் சாவடிப் பலகையில் எழுதி வைக்க வேண்டும். தலைமடையில் எவ்வளவு திறந்தார்கள், கடைமடைக்கு எவ்வளவு வந்தது என்பது இன்று அதிகாரிக்கும் ஊகம், விவசாயிக்கும் ஊகம். இரண்டு பருவத்துக்கு அந்த எண்கள் கையில் இருந்தால், உபரி எது, கசிவு எங்கே, எந்தக் கால்வாய்க்கு முதலில் மண்ணெடுக்க வேண்டும் என்று பேசுவதற்கு அம்பாசமுத்திரத்தாரும் திருவைகுண்டத்தாரும் ஒரே தாளை வைத்துக்கொண்டு உட்காரலாம்.